தலைப்புக்கு அடியில் கிடந்த ஊர்

பழைய அச்சு வரைபடத்தின் தலைப்பு எங்கள் ஊரின்மேல் வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை காலையில் கொக்கனேந்தலில் யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. மிளகாய் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திடீரென்று வெயில் மறைந்ததைப் பார்த்து மழை என்று நினைத்து வற்றலை அள்ளிச் சாக்கில் கட்டினார்கள், கட்டிவிட்டு நிமிர்ந்தபோது வானத்தில் மேகம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தது. கரிய, கனத்த, ஓரங்களில் சுருள் சுருளாக வால் நீண்ட இங்கிலீஷ் எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம், புளியமரத்து உச்சியிலும் பனைமரத்துக் கொண்டையிலும் தண்ணீர்த் தொட்டியின் தலையிலும் காலை ஊன்றிக்கொண்டு, பந்தல்காரர் போட்டுவிட்டுப் போன பந்தல் மாதிரி நிதானமாக நின்றன. மழை இல்லை என்று தெரிந்ததும் கீழத்தெரு செகப்பிதான் முதலில் மூட்டையை அவிழ்த்து, இரண்டு எழுத்துக்கு நடுவே வெயில் விழுந்த இடமாகப் பார்த்து வற்றலை மறுபடி பரப்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பரப்பினார்கள்.

எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்குமேல் எங்களுக்கும் தெரியாது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் இரும்புச் சங்கிலியை ஆள் வைத்து இழுத்துக்கொண்டு ஜில்லா முழுவதையும் அளந்தார். சங்கிலித் துரை என்று பெயர். அவர் அளந்ததைக் கப்பலில் ஏற்றிச் சீமைக்கு அனுப்ப, அங்கே ஒருவர் செப்புத் தகட்டில் செதுக்கி, இன்னொருவர் காகிதத்தில் அச்சடித்து, வேறொருவர் தூரிகையால் எல்லைகளுக்கு வண்ணம் பூசி, ஜில்லாவுக்கு ஒரு பக்கமாகத் தோல் அட்டை போட்ட பெரிய படப்புத்தகமாகக் கட்டினார்கள். அந்தக் காலத்துப் படக்காரர்கள் தலைப்பை வெறுமனே எழுத மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையைப் போல அதற்கு ஜோடனை வேண்டும்: றெக்கை முளைத்த குழந்தைகள், ரிப்பன், யானை, மரம், பெரிய மனிதர் ஒருவருக்குச் சமர்ப்பணம், அடியில் எத்தனை மைலுக்கு எத்தனை அங்குலம் என்று ஓர் அளவுகோல். இத்தனைக்கும் இடம் வேண்டுமே. கடல் இருக்கிற ஜில்லாவென்றால் கடலில் வைத்துவிடுவார்கள். எங்களுக்குக் கடல் இல்லை. ஆகவே ஆள் இல்லாத இடத்தில் வை என்கிற தொழில் விதிப்படி தென்மேற்கு மூலையில் வைத்தார்கள், அந்த மூலையில்தான் நாங்கள் இருந்தோம்.

சங்கிலித் துரையைக் குறை சொல்லவும் முடியாது. அவர் எங்கள் எல்லை வரைக்கும் வந்தார். அளந்த நிலத்துக்கெல்லாம் தீர்வை விழுகிறது என்று பக்கத்து ஊர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்ட எங்கள் முன்னோர்கள், ஒரு தாம்பாளத்தில் பழம் வைத்து, பெரிய வீட்டு ஆள் ஒருவரை எதிரே அனுப்பி, “அங்கிட்டு ஊரும் இல்ல, ஆளும் இல்ல துரை, வெறும் உடமரக் காடுதான்” என்று குனிந்து சொல்ல வைத்தார்கள். துரை பழத்தைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அன்று ஊரே கிடா வெட்டித் தின்றது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இருநூறு வருஷமாக எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

போன தை மாதம் அந்தப் படப்புத்தகத்துக்கு இருநூறாவது வருஷம் என்று மாவட்டத் தலைநகரில் விழா எடுத்தார்கள். எங்கள் ஜில்லாப் பக்கத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணாடிக்குள் மாட்டி, இனி எல்லா இலாகாக்களுக்கும் இதுவே ஆதாரப் படம் என்று ஆணை போட்டு, நல்ல நேரம் பார்த்துத் திரையை விலக்கினார்கள். அங்கே திரை விலகிய நேரமும் இங்கே எழுத்து இறங்கிய நேரமும் ஒன்று.

பள்ளிக்கூடத்து மரியசெல்வி டீச்சர், அடியில் நின்று வாசிக்க முடியாமல், கரிசல் காட்டில் அரை கிலோமீட்டர் பின்னாலேயே நடந்து போய் நின்றுகொண்டு வாசித்துச் சொன்னார். “நேரில் அளந்து, பிழையின்றி வரையப்பட்ட மெய்யான படம்” என்று இருந்ததாம். அதில் ‘மெய்யான’ என்ற வார்த்தை சரியாக அம்மன் கோயில், ரேஷன் கடை, மேலத்தெரு மூன்றின்மேலும் உட்கார்ந்திருந்தது. சாயங்காலமே கூட்டம் போட்டோம். இப்படி ஓர் அதிசயம் ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருக்கு எந்த எழுத்து என்பதுதான் பேச்சாக இருந்தது. ஊராட்சித் தலைவர் பூவலிங்கம், அந்தக் காலத்தில் பழத்தட்டு ஏந்திப் போனவரின் வம்சம், பெரிய எழுத்துகளின் நிழல் மேலத்தெருவுக்கும், சாய்ந்த சின்ன எழுத்துகளின் நிழல் நடுத்தெருவுக்கும் என்று பிரித்துவிட்டு, கீழத்தெருவுக்கு என்ன கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தலைப்பின் கடைசியில் இருந்த முற்றுப்புள்ளி ஊன்றிக்கொள்ள மரம் கிடைக்காமல் கீழத்தெருப் பொட்டலில் விழுந்து கிடந்தது. அதைக் கொடுத்தார்.

“எழுத்துல பங்கு கேட்டா புள்ளியக் குடுக்கிறீகளே, இது நாயமா?” என்றாள் செகப்பி.

“புள்ளியும் எழுத்துல சேத்திதானத்தா” என்றார் பூவலிங்கம்.

ஆனால் அந்தப் புள்ளி ஒரு களம் அளவுக்கு வட்டமாக, மேடு பள்ளம் இல்லாமல், அட்டக்கரியாக இருந்தது. மை கறுப்பு வெயிலைக் குடித்துச் சூடேறி, நாலு நாள் காய்கிற வற்றலை ஒன்றரை நாளில் சலசலக்க வைத்தது. மூன்றாம் வாரமே நிழலில் வற்றல் பூசணம் பூத்துப்போய் மேலத்தெருப் பெண்கள் கீழத்தெருவுக்கு ஆள் விட்டு இடம் கேட்டார்கள். நிழல் வாங்கினவர்களுக்கு வெயில் இல்லை என்று கீழத்தெரு சிரித்தது, சிரித்துவிட்டு இடமும் கொடுத்தது.

எழுத்துகளோடு தரைக்கே இறங்கியிருந்த ஜோடனைகளையும் ஊர் சும்மா விடவில்லை. ரிப்பனின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டிருந்த றெக்கைக் குழந்தைகள் அம்மணமாக இருக்கிறார்களே என்று வெட்கப்பட்டு அரைஞாண் கட்டினோம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தோம், காது குத்தலாம் என்று நாள் குறித்தபோது தாய்மாமன் மடி யாருடையது என்று இரண்டு குடும்பத்துக்கு மண்டை உடைந்து அதோடு நின்றுபோனது. யானையைச் செதுக்கினவர் ஆயுளில் யானையைப் பார்த்ததில்லை போல. துதிக்கை தோட்டத்துக் குழாய் மாதிரியும் கால்கள் நாய்க் கால் மாதிரியும் இருந்தன. எங்கள் நாய்கள் அதை முதல் நாள் குரைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டன. சமர்ப்பண வரிக்குக் கீழே தலைப்பாகையோடு ஒருவர் பழத்தட்டை நீட்டி இடுப்பு ஒடியக் குனிந்துகொண்டிருந்தார். அந்த மூக்கு தங்கள் குடும்பத்து மூக்கு என்று பூவலிங்கம் கண்டுபிடித்து, சுற்றிலும் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, தன் முன்னோர் படத்திலேயே இடம்பிடித்தவர் என்று கல்வெட்டும் வைத்தார். குனிந்திருப்பதைப் பற்றி அந்தக் கல்வெட்டில் ஒன்றும் இல்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் செகப்பியின் தங்கை முத்துராக்குக்கு அப்போது ஆறாம் மாதம்.

அவளுடைய முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன், ஆம்புலன்ஸ் எங்கள் மண் ரோட்டுக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டது. அவளைக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம், பாதி வழியில் ஓர் உடமரத்தடியில் பிள்ளை பிறந்தது, அழவில்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கட்டிலின் முன்காலைப் பிடித்து ஓடியவர்களில் நானும் ஒருவன், இன்றைக்கும் அந்த மரத்தைத் தாண்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். முத்துராக்கின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஆத்தா அப்பன் கிடையாது, அக்காதான் எல்லாம். இந்தத் தடவை வண்டி வாசலுக்கு வரும் என்று செகப்பி தங்கையின் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள்.

ஆகவே ஏழாம் மாதத்திலேயே ஒருநாள், வண்டி வருமா என்று தெரிந்துகொள்ள ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுப் பார்த்தாள்.

“எந்த ஊரும்மா?”

“கொக்கனேந்தல்ங்க.”

“அப்படி ஒரு ஊர் காட்டலையேம்மா. அந்த இடத்துல ஒரு யானையும் ரெண்டு குழந்தையும்தான் காட்டுது.”

“அந்தப் பிள்ளைகளுக்குக் கிழக்கால ரெண்டாவது வீடுதாங்க நாங்க.”

“எழுத்து மேலயெல்லாம் வண்டி ஏறாதும்மா” என்று சொல்லி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அது உண்மையும்கூட. அளவுகோல் எங்கள் ரோட்டுக்குக் குறுக்கே, ஒரு கட்டம் கறுப்பு ஒரு கட்டம் வெள்ளையாக, இடுப்பு உயரத்துக்கு விழுந்து கிடந்தது. சைக்கிளைத் தூக்கித் தாண்ட வைக்கலாம், ஆம்புலன்ஸை முடியாது. முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமென்றால் ஊர் இல்லாதவர்களுக்குப் பிரசவ அட்டை போட முடியாது என்றார்கள். டவுனில் தங்க எங்களுக்கு ஒரு வீடும் இல்லை. செகப்பி திங்கட்கிழமை மனு நாளில் தாலுகா ஆபீஸுக்குப் புறப்பட்டாள்.

முதல் திங்கள், தாசில்தார் சிவப்பிரகாசம் மீட்டிங் என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது. இரண்டாம் திங்கள் முகாம். மூன்றாம் திங்கள் சாப்பிடப் போயிருந்தார், நான்காம் திங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து மீட்டிங் போயிருந்தார். உள்ளே முப்பத்திரண்டு நாற்காலி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு, தலைக்கு மேலே மின்விசிறிகள் யாருக்காகவோ சுற்றிக்கொண்டிருந்தன, ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. ஜன்னல் கம்பியில் சணல் போட்டுக் கட்டியிருந்த வருகைப் புத்தகத்தில் செகப்பி ஒவ்வொரு தடவையும் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். ‘சந்தித்த அலுவலர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு, விட்டால் மனு தள்ளுபடியாகிவிடும் என்பார்கள். அதனால் அவள் அங்கே ‘யாரும் இல்லை’ என்று எழுதினாள்.

ஏழாம் திங்கள் தாசில்தாரைப் படிக்கட்டில் பிடித்தாள். அவர் ஒரு காலை ஜீப்பில் வைத்திருந்தார்.

“தலைப்பில்லாத படம் செல்லாதும்மா. அதை எடுக்க முடியாது, வேற எடத்துக்கு மாத்தலாம். ஆள் இல்லாத எடமா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அங்க இருக்கிறவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கி இணைச்சிருங்க.”

“ஆளு இல்லாத எடத்துல யாருகிட்ட சார் கடுதாசி வாங்குறது?”

“அதாம்மா இதுல சிக்கல்” என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு, ஜீப் போய்விட்டது. அன்று செகப்பி அந்தக் கட்டத்தில் ‘படிக்கட்டில்’ என்று எழுதினாள்.

தலைப்பை மாற்றப் போகிறார்களாம் என்ற செய்தி எப்படியோ பரவியது. தாலுகாவின் ஒவ்வொரு ஊரும், தங்கள் ஊரில் ஈ எறும்பு முதற்கொண்டு நிறைந்திருப்பதாகவும் பக்கத்து ஊரில்தான் ஆளே கிடையாதென்றும் மனு எழுதியது. கண்மாய்த் தகராறு இருந்த ஊர் கீழ்மடைக்காரர்களைக் காட்டியது, தேர்தலில் தோற்றவர்கள் ஜெயித்தவர்களின் ஊரைக் காட்டினார்கள். எங்கள் பூவலிங்கம்கூடத் தன் மச்சினன் ஊரை எழுதிக் கொடுத்தார். தாலுகா முழுவதும் சேர்ந்து மொத்தத் தாலுகாவிலும் ஆள் இல்லை என்று எழுத்து மூலமாக நிரூபித்திருந்தது.

பதினோராம் திங்கள் முத்துராக்குக்கு நிறைமாதம், கால் இரண்டும் வீங்கியிருந்தது. “இன்னைக்குப் போகாதக்கா, எனக்குப் பயமா இருக்கு” என்றாள். “போயிட்டு வந்துர்றேந்தாயி” என்று சொல்லிவிட்டுச் செகப்பி அளவுகோலைத் தாண்டிக் குதித்து நடந்தாள். ஆபீஸில் நுழைந்தவள் முப்பத்திரண்டு நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பலகையை வாசித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். புதிதாக வந்த கலெக்டரம்மா ஆய்வுக்கு வந்திருந்தார். மேஜைமேல் மனுக்கள் முழங்கை உயரத்துக்கு இருந்தன, பக்கத்தில் படம் விரித்திருந்தது.

கலெக்டரம்மா மனுக்களைப் புரட்டிக் களைத்திருந்தார். “பாதிக்கப்பட்டவங்க நீங்கதானே? நீங்களே காட்டுங்கம்மா, எங்கே வைக்கலாம்? ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

செகப்பி படத்தின்மேல் குனிந்தாள். பக்கத்திலிருந்த எழுத்தரிடம் ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எந்த ஊரின்மேல் விரலை வைத்தாலும் நாளைக் காலையில் தன் தங்கை பிழைத்தாள். ஆனால் வாசித்த ஒவ்வொரு பெயருக்கு அடியிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது போல அவளுக்குத் தோன்றியது, தோன்றத் தோன்ற விரல் பின்வாங்கியது. எங்கள் முன்னோர்களுக்கு இந்த வாய்ப்பு வந்திருந்தால் ஒரு தாம்பாளம் பழத்தோடு யாரையாவது காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். நானும்தான்.

“இந்த ஆபீசு படத்துல எங்கிட்டு இருக்கு சார்?” என்று அவள் கேட்டாள்.

எழுத்தர் தேடிப் பார்த்து, “ஆபீஸ் இப்ப கட்டினதும்மா. படத்துல இந்த எடம் கண்மாய். நீலமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செகப்பி அந்த நீலத்தின்மேல் விரலை வைத்தாள். “அப்ப இங்க வைங்கம்மா.”

“என்னம்மா இது, நாங்க இருக்கோமே!” என்று சிவப்பிரகாசம் எழுந்துவிட்டார்.

“இன்னைக்கு இருக்கீக சார்” என்றாள் செகப்பி. குரலில் கோபம் இல்லை. “நான் பதினோரு வாரமா வாரேன். இந்தத் தாலுகாவுல நான் போன எல்லா எடத்துலயும் ஆளப் பாத்திருக்கேன். காட்டுல பாத்திருக்கேன், சுடுகாட்டுலகூட ஒரு ஆளு இருப்பாரு. இங்க மட்டும்தான் பாத்ததில்ல.”

கலெக்டரம்மா ஜன்னலிலிருந்து வருகைப் புத்தகத்தை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். மூன்று மாதத்துப் பக்கங்களில் ஒரே ஒருவருடைய கையெழுத்துதான் இருந்தது. ‘யாரும் இல்லை’, ‘யாரும் இல்லை’, ‘யாரும் இல்லை’, ஓரிடத்தில் ‘படிக்கட்டில்’, மறுபடி ‘யாரும் இல்லை’. அலுவலகப் பதிவேட்டிலேயே, அலுவலகத்துப் பேனாவால் எழுதியது. மறுக்கிற அதிகாரம் யாருக்கும் இல்லை. படத்தின்படி அது தண்ணீர், பதிவேட்டின்படி ஆள் இல்லை, ஆள் இல்லாததால் ஆட்சேபணையும் இல்லை. கலெக்டரம்மா முப்பத்திரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்த செகப்பியின் தலைக்கு மேலே எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போல, டவுனை நோக்கிப் போயின. குழந்தைகள் அரைஞாணோடு போனார்கள், பழத்தட்டுக்காரர் மாலையோடு போனார், யானை கடைசியில் போனது, அதன் பின்னால் எங்கள் நாய்கள் ஊர் எல்லை வரை ஓடி நின்று ஊளையிட்டன. அளவுகோலும் ரோட்டைவிட்டு எழுந்து போனது. முற்றுப்புள்ளி மட்டும் போகவில்லை. அதன்மேல் கீழத்தெருவின் வற்றல் அப்போதுதான் பரப்பியிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு முத்துராக்குக்கு வலி கண்டது. எழுத்து விலகிய இடத்தில் இப்போது ஊர் காட்டியது, வண்டி மண் ரோட்டிலேயே இறங்கி வாசலுக்கு வந்தது. எங்கள் ஊர் வாசலில் ஆம்புலன்ஸ் நின்று நாங்கள் பார்த்ததில்லை, பூவலிங்கம் உட்பட எல்லோரும் தேர் பார்ப்பது போலச் சுற்றி நின்றோம், ஓட்டுநர் இறங்கி, “இது புது ஊருங்களா?” என்று கேட்டார். இந்தப் பிள்ளைக்கும் கொடி சுற்றியிருந்தது. ஆனால் பிறந்தது ஆஸ்பத்திரியில். பெண் பிள்ளை, அழுதது, அப்படி அழுதது, வராந்தாவில் நின்ற செகப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அந்தப் பழைய பிள்ளைக்கும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

தாலுகா ஆபீஸின்மேல் தலைப்பு இன்றைக்கும் இருக்கிறது. முற்றுப்புள்ளி இல்லாததால் அது இன்னும் முடியாமல் இருப்பதாக மரியசெல்வி டீச்சர் சொல்கிறார். பழத்தட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் குனிந்து நிற்கிறார். அங்கே வந்து போகிறவர்கள் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. உள்ளே கரண்டு நின்றுபோனது, ஜீப்புக்கு டீசல் நின்றுபோனது. முப்பத்திரண்டு பேரும், பயத்தினாலோ என்னவோ, காலை ஒன்பதே முக்காலிலிருந்து நாற்காலியைவிட்டு எழாமல் உட்கார்ந்து, தாங்கள் இருப்பதாகத் தலைநகருக்கு வாராவாரம் மனு அனுப்புகிறார்கள். அவ்விடத்தில் ஓர் அலுவலகம் இருப்பதாக ஆதாரப் படத்தில் காணவில்லை என்று பதில் வருகிறது. கடைசியாக வந்த பதிலில் மட்டும் ஒரு வழி சொல்லியிருந்தார்களாம்: அவ்விடத்துக்குத் தொடர்ந்து நேரில் வந்து சென்ற பொதுமக்களில் ஒருவர் இருப்புச் சான்று எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாம்.

அப்படித்தான் போன வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை தாசில்தார் சிவப்பிரகாசம், மெயின் ரோட்டிலிருந்து நடந்தே, கக்கத்தில் ஒரு கோப்போடு கொக்கனேந்தலுக்கு வந்தார். செகப்பி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஊர் கேட்கக் கத்திக்கொண்டிருந்தது. அது அடங்கும் வரை அவர் வெயிலில் நின்றார். மனிதர் இளைத்திருந்தார், பாவமாகத்தான் இருந்தது. செகப்பி தங்கையைக் கூப்பிட்டு அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாள்.

“ஒரே ஒரு கையெழுத்தும்மா. நாங்க இருக்கோம்னு” என்றார் அவர்.

“அதுக்கென்ன சார், போட்டுருவோம்” என்றாள் செகப்பி, பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே. “திங்கக்கிழம வாங்க.”